போன மாதம் முடித்த புயல் மேகம்

கேள்வி: இணையத்தில் ஓர் ஓவியர் தானே வரைந்து விற்கும் நிலக்காட்சி ஒன்றைப் பார்த்தேன். கான்வாஸில் ஆயில் பெயின்டிங், 90 × 60 செ.மீ. கீழே காய்ந்த மஞ்சள் புல்வெளி, நடுவில் ஒரு மேடு, அதற்கு மேலே முக்கால்வாசிப் படத்துக்குக் கறுத்த மேகம். மேட்டுக்கும் மேகத்துக்கும் நடுவே மட்டும் ஒரு கீற்று வெளிச்சம். பெயின்டைக் கத்தியால் அப்பியிருக்கிறார். சில இடங்களில் விரல் தடிமன் இருக்கும் போலிருக்கிறது. 'உணர்ச்சி ததும்பும் நிலக்காட்சி, ஒரிஜினல், போன மாதம் முடித்தது, அப்படியே சுவரில் மாட்டலாம்' என்று எழுதியிருக்கிறார். பத்து நாளாகத் தினமும் அதைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். என் கணவரோ, "சேற்றை வாரி அடித்த மாதிரி இருக்கிறது. அதுவும் கையால் வரைந்ததா, பிரிண்டா, யார் கண்டது?" என்கிறார். இதற்கு முன் நான் ஓவியம் எதுவும் வாங்கியதில்லை. இது நல்ல ஓவியம்தானா? நீடித்து நிற்குமா? வாங்குவதற்கு முன் என்னென்ன கேட்க வேண்டும்?

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மேகம், மஞ்சள் புல், கணவரின் சேறு எல்லாவற்றையும் தாண்டி என் கண் போய் நின்ற இடம் வேறு. 'விரல் தடிமன்', 'போன மாதம் முடித்தது', 'அப்படியே சுவரில் மாட்டலாம்'. இந்த மூன்றும் ஒரே படத்தில் ஒன்றாக இருக்க முடியாது. ஓவியர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்ல வரவில்லை, அவசரப்படுகிறார். நான் ஓவியம் விற்பவன் இல்லை. வாங்கியவர்கள் சில வருடம் கழித்து "இதைக் கொஞ்சம் பாருங்களேன்" என்று தூக்கிக்கொண்டு வருவதைச் சரிசெய்து கொடுப்பவன். அதனால் என் பதிலில் அழகைப் பற்றிய பேச்சைவிட, காய்வது, விரிவது, உதிர்வது பற்றிய பேச்சுதான் அதிகம் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இந்தக் காயும் விஷயம். ஈரத் துணி காய்வது போல ஆயில் பெயின்ட் காய்வதில்லை. ஓவியர் கலந்த டர்பென்டைன் ஆவியாகிப் போகும், அது சரி. ஆனால் நிறப்பொடியைப் பிடித்து வைத்திருப்பது பெரும்பாலும் ஆளிவிதை எண்ணெய். அது எங்கும் போவதில்லை. காற்றிலிருந்து ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்து, அந்த எண்ணெயே கெட்டியான படலமாக மாறுகிறது. ஆரம்பத்தில் அதன் எடைகூடக் கொஞ்சம் ஏறும். காற்று முதலில் தொடுவது மேல்பரப்பைத்தானே? அதனால் மேலே தோல் கட்டிவிடும். உள்ளே இன்னும் கூழாக இருக்கும். காய்ச்சிய பாலின் ஏட்டை விரலால் அழுத்தினால் கீழே பால் தளும்புமே, அதே கதைதான். மெல்லிய பூச்சு சில நாளில், மிஞ்சிப்போனால் இரண்டு வாரத்தில் தொட்டால் ஒட்டாத நிலைக்கு வரும். சாதாரணத் தடிமனுள்ள ஓவியத்துக்கே வார்னிஷ் அடிக்க 6 மாதம் முதல் 1 வருடம் வரை காத்திருப்பது பழைய வழக்கம். விரல் தடிமனுக்கு மாதக் கணக்கு போதாது, வருடக் கணக்கு.

இதில் நிறத்துக்கு நிறம் வேறு வித்தியாசம். அம்பர் போன்ற மண்நிறங்களில் மாங்கனீஸ் இருப்பதால் அவை சீக்கிரம் காயும். ஐவரி பிளாக் என்கிற கறுப்பும் அலிசரின் என்கிற அடர்சிவப்பும் சோம்பேறிகள். உங்கள் படத்தில் மிகத் தடிமனாக இருப்பது கறுத்த மேகம். அந்தக் கறுப்பை ஐவரி பிளாக்கில் கலந்திருந்தால், படத்திலேயே கடைசியாகக் காயப்போவதும் அந்த மேகம்தான். இதைக் கேட்டு பயந்துவிட வேண்டாம். காயாத ஓவியத்தை வாங்குவதில் தவறில்லை. காய்ந்துவிட்டதாக நினைத்து வாங்கி, காய்ந்ததைப் போலக் கையாளும்போதுதான் சிக்கல் வருகிறது.

எவ்வளவு பெரிய சிக்கல் என்றால், அமெரிக்க ஓவியர் ஆல்பர்ட் பிங்க்ஹாம் ரைடரைச் சொல்லலாம். 1847-ல் பிறந்து 1917-ல் இறந்தவர். நிலவொளியில் கடல், தனிப் படகு, கனத்த மேகம் என்று வரைந்தவர். உங்கள் மேகத்துக்கு ஒருவகையில் தாத்தா. ஒரே படத்தில் வருடக் கணக்கில் திரும்பத் திரும்ப வேலை செய்வார். அடிப்பூச்சு காய்ந்ததா என்று பார்க்க மாட்டார். ஈரத்தின் மேல் ஈரம், நடுவில் வார்னிஷ், மெழுகு, தார் போன்ற பிட்டுமென் எல்லாம். அவர் இருக்கும்போதே படங்கள் விரிய ஆரம்பித்தன. மேல்தோல் இறுகிச் சுருங்க, கீழே இருக்கும் கூழ் நகர, முதலைத் தோல் போல அகல அகலமான வெடிப்புகள். இன்றைக்கும் அந்த ஓவியங்களைப் பராமரிப்பவர்களுக்குத் தலைவலிதான். அந்தப் படங்களின் மேல் எனக்கு இருக்கும் பிரியம் இதனால் குறையவில்லை. ஆனால் வீட்டில் ஒன்று மாட்டிக்கொள்வீர்களா என்று கேட்டால் தயங்குவேன்.

ஆகவே ஓவியரிடம் முதல் கேள்வி: "மிகத் தடிமனான இடம் எது? அது எத்தனை வாரத்தில், எத்தனை அடுக்கில் போட்டது? அடுக்குகளுக்கு நடுவே எவ்வளவு நாள் விட்டீர்கள்?" ஒரே மூச்சில் ஈரத்தோடு ஈரமாக முடித்தேன் என்று சொன்னால் கவலைப்படாதீர்கள், அதுவும் ஒரு முறைதான், மொத்தமும் ஒரே பூச்சாகக் காயும். அடுக்கடுக்காக வரைந்திருந்தால், மேலே போகப் போக எண்ணெய் கூட வேண்டும், அடியில் குறைவாக இருக்க வேண்டும். ஓவியப் பள்ளியில் முதல் வருடம் சொல்லிக்கொடுக்கும் பாடம் இது. எண்ணெய் மிகுந்த அடிப்பூச்சின் மேல் டர்பென்டைன் கலந்த மெல்லிய பூச்சைப் போட்டால், மேலே உள்ளது முதலில் காய்ந்து இறுகும், கீழே உள்ளது அசைந்துகொண்டே இருக்கும், வெடிக்கும். நல்ல ஓவியர் இந்தக் கேள்விக்குச் சந்தோஷமாக ஒரு பக்கம் பதில் எழுதுவார். யாராவது இதையெல்லாம் கேட்க மாட்டார்களா என்று காத்திருப்பவர்கள்தான் அவர்கள்.

இன்னொரு கேள்வியும் அதோடு சேர்த்துக் கேளுங்கள்: என்ன வெள்ளை? அந்த ஒளிக்கீற்று பெரும்பாலும் வெள்ளையில் கொஞ்சம் மஞ்சள் கலந்ததாக இருக்கும். ஜிங்க் வெள்ளை என்றால் எனக்குப் பிடிக்காது. பார்க்கத் தூய்மையாக இருக்கும், ஆனால் எண்ணெயில் காய்ந்தபின் கண்ணாடி மாதிரி நொறுங்கும் குணம் அதற்கு உண்டு. சில பத்தாண்டுகளில் வெடித்து, அடுக்கோடு பிரிந்து வரக்கூடும். டைட்டானியம் வெள்ளை தேவலை. ஆனால் டைட்டானியம் என்று பெயர் போட்ட டியூப்களிலும் ஜிங்க் கலப்பது உண்டு. டியூபின் பின்னால் சின்ன எழுத்தில் போட்டிருக்கும். படித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

இப்போது உங்கள் கணவரின் சந்தேகத்துக்கு வருவோம். கையால் வரைந்ததா, பிரிண்டா? நியாயமான கேள்வி. கான்வாஸ் துணியிலேயே அச்சடித்து, அதன் மேல் பிரஷ் தடம் தெரியும்படி நிறமில்லாத ஜெல்லைத் தடவி விற்பது இன்று சர்வசாதாரணம். கண்டுபிடிக்கும் வழி சுலபம். உண்மையான ஓவியத்தில் மேடு எங்கே போகிறதோ, நிறமும் அங்கேயே போகும். கத்தி இழுத்த இடத்தில் மஞ்சள் தொடங்கும், கத்தி நின்ற இடத்தில் மஞ்சள் முடியும், அந்த விளிம்பில் ஒரு சின்ன வரப்பு நிற்கும். ஜெல் பூசிய பிரிண்டில் மேடு ஒரு பக்கம் போகும், நிறம் தன் பாட்டுக்கு வேறு பக்கம் போகும். மேகத்தின் விளிம்பைக் கண்டுகொள்ளாமல் பிரஷ் தடம் குறுக்கே ஓடும். நேரில் பார்க்க வாய்த்தால் ஒரு பூதக்கண்ணாடி போதும். பிரிண்டில் பொடிப்பொடியான புள்ளிகள் தெரியும்.

நேரில் பார்க்க முடியாதபோது மூன்று புகைப்படம் கேளுங்கள். அறைக்குள் சோபாவுக்கு மேல் மாட்டியிருப்பது போல அவர் போட்டிருக்கும் படம் எதற்கும் உதவாது. அது கம்ப்யூட்டரில் ஒட்டியது; அந்தச் சோபாவே உலகத்தில் இருக்காது. உங்களுக்கு வேண்டிய முதல் புகைப்படம், அறையை இருட்டாக்கி ஒரு விளக்கைப் பக்கவாட்டில், சுவரோடு ஒட்டினாற்போலப் பிடித்து எடுத்தது. ஒவ்வொரு மேட்டுக்கும் நிழல் விழும். முன்பக்க வெளிச்சத்தில் ஒளிந்திருக்கும் வெடிப்பு, சுருக்கம், பள்ளம் எல்லாம் வெளியே வந்துவிடும். எங்கள் பட்டறையில் எந்த ஓவியம் வந்தாலும் முதல் வேலை இதுதான். இரண்டாவது, கான்வாஸ் மடங்கும் ஓரம். மூன்றாவது, முதுகு.

முதுகைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே பேசப்போகிறேன், ஏனென்றால் வாங்குபவர்கள் யாரும் அதைப் பார்ப்பதில்லை. கான்வாஸைத் திருப்பினால் அது எந்தத் துணி, சட்டம் எத்தனை கனம், மூலைகளில் சின்ன மர ஆப்புகள் இருக்கின்றனவா என்று தெரியும். ஆப்பு இருந்தால், துணி தொய்யும்போது மெல்லத் தட்டி இழுவையைக் கூட்டலாம். ஆப்பு இல்லாமல் மூலையை ஆணியடித்து மூடியிருந்தால் அந்த வசதி இல்லை. 90 செ.மீ. அகலத்தில் இவ்வளவு கனத்த பெயின்டைத் தாங்க நடுவில் ஒரு குறுக்குச் சட்டம் இருப்பது நல்லது. துணியில் எண்ணெய் ஊறிப் பழுப்புத் திட்டுகள் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால், பெயின்டுக்கும் துணிக்கும் நடுவே போட வேண்டிய அடித்தளப் பூச்சு சரியாகப் போடப்படவில்லை. எண்ணெயின் அமிலம் நாளடைவில் துணி நாரை அரித்து, தொட்டால் பொடியாகும் நிலைக்குக் கொண்டுவந்துவிடும். முன்பக்கம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்தப் படத்துக்கு ஆயுள் குறைவு.

முதுகில் எழுத்தும் இருக்கலாம். 1821-லும் 1822-லும் ஆங்கில ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் லண்டனை அடுத்த ஹாம்ஸ்டெட் மேட்டில் நின்று மேகங்களை மட்டுமே எண்ணெய் வண்ணத்தில் வரைந்து தள்ளினார். பலவற்றின் பின்னால் தேதி, மணி, காற்று எந்தத் திசை என்று குறித்து வைத்திருக்கிறார். காகிதத்தில் ஒரு மணி நேரத்தில் வரைந்த மேகம். எந்தப் பகல், எந்தக் காற்று என்று இன்றைக்கும் நமக்குத் தெரிகிறது. உங்கள் ஓவியரிடமும் பின்பக்கம் தலைப்பு, முடித்த மாதம், பயன்படுத்திய பெயின்ட், வார்னிஷ் அடித்ததா இல்லையா என்று எழுதிக் கையெழுத்திட்டுத் தரச் சொல்லுங்கள். தனியாகக் கொடுக்கும் சான்றிதழ் காகிதம் எங்கேயாவது போய்விடும். சட்டத்தில் எழுதியது படத்தோடேயே இருக்கும். கான்வாஸ் துணியின் முதுகில் நேரடியாக எழுத வேண்டாம், மரச் சட்டத்தில் பென்சிலால் எழுதினால் போதும்.

உண்மையான ஓவியம் என்பதற்குச் சில சமயம் படமே சாட்சி சொல்லும். டச்சு ஓவியர் வின்சென்ட் வான்கா 1882-ல் நெதர்லாந்தின் ஸ்கெவெனிங்கன் கடற்கரையில் புயல் காற்றில் நின்று வரைந்த படத்தில், பெயின்டுக்குள் மணல் துகள்கள் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. 1889-ல் அவர் வரைந்த ஒலிவ மரங்கள் படம் ஒன்று அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியில் இருக்கும் நெல்சன்–அட்கின்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 2017-ல் அதை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபோது, தடித்த பெயின்டுக்குள் ஒரு குட்டி வெட்டுக்கிளி கிடைத்தது. சுற்றிலும் பெயின்டில் அசைவின் தடயமே இல்லை. செத்த பிறகுதான் அது வந்து ஒட்டியிருக்கிறது. நூற்று இருபத்தெட்டு வருடம் யார் கண்ணிலும் படாமல் அங்கேயே இருந்திருக்கிறது.

சரி, நல்ல ஓவியம்தானா என்று கேட்டீர்கள். நான் அதை நேரில் பார்க்கவில்லை, அதனால் பார்க்கும் வழியைச் சொல்கிறேன். 'உணர்ச்சி ததும்பும்' என்ற விளம்பர வார்த்தையை மறந்துவிடுங்கள். தடிமன் என்பது உணர்ச்சி ஆகிவிடாது. கத்தியால் அப்பத் தெரிந்த எவரும் ஒரு பிற்பகலில் தடிமனைக் கொண்டுவந்துவிடலாம். சீனாவின் ஷென்சென் நகரத்தில் டாஃபென் என்றொரு பகுதி உண்டு; ஆயில் பெயின்டிங் பிரதிகளை மொத்தமாக வரைந்து உலகமெங்கும் அனுப்பியே பெயர் வாங்கிய இடம். அங்கிருந்தும் தடித்த புயல்கள் வரும். கையால் வரைந்தவைதான், சந்தேகமில்லை.

நான் பார்ப்பது தடம் எந்தப் பக்கம் போகிறது என்பதை. மேகத்தில் கத்தி எப்படி இழுத்திருக்கிறது, புல்லில் எப்படி இழுத்திருக்கிறது? காற்று ஒரு பக்கமிருந்து வீசுகிறது என்று ஓவியர் முடிவு செய்திருந்தால், புல் சாய்வதும் மேகம் கிழிவதும் அந்த ஒரே காற்றில் நடக்கும். மேடு மட்டும் அசையாமல் கனமாக உட்கார்ந்திருக்கும். அப்படியில்லாமல் வானத்திலும் புல்லிலும் மேட்டிலும் ஒரே அளவு, ஒரே சாய்வு, ஒரே தடிமனில் அப்பியிருந்தால் அது கைப்பழக்கம், அவ்வளவுதான். அடுத்ததாகப் படத்தில் எங்காவது பெயின்ட் மெல்லியதாக, அமைதியாக இருக்கிறதா என்று தேடுங்கள். எல்லா இடத்திலும் கத்தினால் எதுவும் காதில் விழாது. வான்கா 1890 ஜூலையில், சாவதற்குச் சில வாரம் முன்பு, கொந்தளிக்கும் வானத்தின் கீழே பரந்த கோதுமை வயல்களை வரைந்தார். சோகத்தையும் உச்சபட்சத் தனிமையையும் சொல்ல முயன்றிருப்பதாகத் தம்பிக்கு எழுதிய கடிதத்தில் குறிப்பிடுகிறார். அவற்றில் இடிமேகப் படம் உயரத்தைப் போல இரண்டு மடங்கு அகலம். அதில் இருப்பது நீலமும் பச்சையும், இரண்டு பட்டை. ஒரு மரம், ஒரு மனிதர் கிடையாது. எனக்கு அந்தத் தனிமை பெயின்டின் கனத்திலிருந்து வருவதாகத் தோன்றவில்லை. அகலத்திலிருந்தும், அதில் ஒன்றும் இல்லாததிலிருந்தும் வருகிறது.

உங்கள் கணவருக்கு ஒரு சோதனை. புகைப்படத்தைத் தலைகீழாகத் திருப்பி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்க்கச் சொல்லுங்கள். மேகம், புல் என்ற பெயர்கள் மறைந்து, இருட்டு எவ்வளவு, வெளிச்சம் எவ்வளவு என்பது மட்டும் தெரியும். முக்கால் பங்கு இருட்டை அந்த ஒரு கீற்று தாங்கிப் பிடித்தால் படம் நிற்கிறது. அப்போதும் சேறாகவே தெரிந்தால் அவர் பக்கமும் நியாயம் இருக்கலாம். சேறு என்பது ஓவியர்களே சொல்லும் குறை, தெரியுமா? ஈரமான நிறங்களை அளவுக்கு மீறிக் கலந்தால் எல்லாம் ஒரே சாம்பல்பழுப்பாகிவிடும். ஆனால் அவர் சொல்வது கோணல்மாணலாக இருக்கிறது என்ற பொருளில் என்றால், அது குறையே இல்லை. ஹைம் சூட்டின் என்ற ஓவியர் 1919 முதல் 1922 வரை பிரான்சின் செரே ஊரில் வரைந்த நிலக்காட்சிகளில் வீடுகள் மலைச்சரிவோடு வழுக்குகின்றன, மரங்கள் முறுக்கிக்கொள்கின்றன, தரை எங்கே என்றே சொல்ல முடியாது. பிற்பாடு சூட்டினுக்கே அவை பிடிக்காமல் போய், கையில் கிடைத்தவற்றை அழிக்கப் பார்த்தார் என்பது தனிக் கதை. தப்பியவை இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன.

எப்படியும், பத்து நாளாகத் தினமும் திறந்து பார்க்கிறீர்களே, அதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். முதல் நாள் மயக்குகிற படங்கள் ஏராளம். நான்காம் நாளே அலுத்துவிடும்.

நிறம் மங்குமா என்பதையும் பார்க்க வேண்டும். வான்காவின் ரோஜாக்களில் பல இன்று வெள்ளையாகத் தெரிகின்றன. அவர் வரைந்தபோது இளஞ்சிவப்பு. நீலமாகத் தெரியும் ஐரிஸ் பூக்கள் ஊதாவாக இருந்தவை. அவர் பயன்படுத்திய சிவப்புச் சாயம் வெளிச்சத்தில் வெளுத்துப்போனது, நீலம் மட்டும் மிஞ்சியது. உங்கள் படத்தில் மஞ்சள் கேட்மியம் அல்லது மண்மஞ்சளாக இருந்தால் பயமில்லை. மேகத்தின் கறுப்பில் ஊதாச் சாயல் இருந்தால் மட்டும் சிவப்பு எது என்று கேளுங்கள். அலிசரின் க்ரிம்சன், அதாவது டியூபில் பி.ஆர். 83 என்று குறித்திருப்பது, மெல்லியதாகப் போட்ட இடங்களில் வெளுக்கும். வெளிச்சம் தாங்கும் திறனில் 1 அல்லது 2 என்று டியூபில் போட்டிருந்தால் போதும்.

விலையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானும் நீட்டப் போவதில்லை. பல ஓவியர்கள் அளவை வைத்தே விலை போடுவார்கள். அதே அளவில் அவருடைய மற்ற படங்கள் என்ன விலை என்று பாருங்கள், இது மட்டும் துள்ளி நின்றால் காரணம் கேளுங்கள். பிற்காலத்தில் விலை ஏறும் என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே விட்டுவிடுங்கள். பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்ப எத்தனை நாள் உண்டு, அனுப்பும் செலவு யாருடையது என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். படம் உங்களுடையதானாலும், பெரும்பாலான நாடுகளில் அதன் பதிப்புரிமை ஓவியரிடமேதான் இருக்கும். சுவரில் மாட்டலாம், விற்கலாம். அதைப் பிரிண்ட் போட்டு விற்க முடியாது.

பொட்டலம் கட்டுவதில்தான் நான் பயப்படுகிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் நானே செய்த தப்பு ஒன்று. ஒரு சின்ன இரவுக்கடல் படம், தொட்டால் ஒட்டவில்லை, காய்ந்துவிட்டது என்று நம்பி பபிள் ராப்பை நேராகப் பெயின்ட் மேலேயே சுற்றி அனுப்பினேன். ஒரு வாரம் வண்டியில் வெயிலில் போயிருக்கிறது. பிரித்துப் பார்த்தால் கடல் முழுக்க வட்ட வட்டமாகக் குமிழித் தடம். ஓவியர் நிலவு ஒன்றுதான் வரைந்திருந்தார். நான் நாற்பது நிலவு பதித்து அனுப்பியிருந்தேன். இன்றுவரை அந்தத் தடங்களை முழுசாக எடுக்க முடியவில்லை. வான்காவின் சில படங்களிலும் இதே கதை உண்டு: காய்வதற்கு முன் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதில் தடித்த பெயின்ட் தட்டையாகி, மேலே இருந்த கான்வாஸின் நெசவுகூடப் பதிந்திருக்கிறது.

ஆகவே ஓவியரிடம் சொல்லுங்கள்: பெயின்டின் மேல் எதுவும் படக்கூடாது. சட்டத்தைச் சுற்றிப் பெயின்டைவிட உயரமான மரச் சட்டம் ஒன்றைத் திருகி, அதன் மேல் அட்டையை மூட வேண்டும். படம் ஒரு தட்டுக்குள் கிடப்பது போல. கான்வாஸைச் சட்டத்திலிருந்து கழற்றிச் சுருட்டி அனுப்புகிறேன், செலவு குறையும் என்பார் சிலர். மெல்லிய படத்துக்கு அது சரி. அதையும் பெயின்ட் வெளிப்பக்கம் இருக்கும்படி பெரிய குழாயில்தான் சுருட்ட வேண்டும். விரல் தடிமன் பெயின்டைச் சுருட்டினால் வெடிப்பது நிச்சயம். சுருட்டாமல், நான் சொன்னபடி பொட்டலம் கட்ட அவர் ஒப்புக்கொள்ளாவிட்டால் வாங்காதீர்கள். இந்தக் கடிதத்தில் நான் விட்டுக்கொடுக்காத இடம் இது ஒன்றுதான்.

இன்னும் ஒரு வழி இருக்கிறது, எனக்குப் பிடித்ததும் அதுதான். பாதிப் பணத்தை முன்பணமாகக் கொடுத்துவிட்டு, படத்தை ஆறு மாதம் அவரிடமே காற்றோட்டமாக நிற்கவிடச் சொல்லுங்கள். மேகம் முழுக்கக் காய அது போதாதுதான், ஆனால் பயணத்தைத் தாங்கும் அளவுக்குத் தோல் தடித்துவிடும். அதற்குள் சுருக்கம் விழுவதாக இருந்தால் அவர் கண்ணிலேயே விழும். வார்னிஷ் இப்போது அடிக்க வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள். பிறகு நீங்களே யாரிடமாவது கொடுத்து அடித்துக்கொள்ளலாம்.

வீட்டுக்கு வந்தபின் பெரிய வேலை ஒன்றும் இல்லை. நேர் வெயில் விழும் சுவர் வேண்டாம், ஈரம் கோக்கும் வெளிச்சுவர் வேண்டாம், அடுப்புக்கு மேலே வேண்டவே வேண்டாம். அதற்காக இருட்டு அலமாரியில் துணி சுற்றி வைத்துவிடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் இருட்டில்தான் அதிகம் மஞ்சளாகும். திரும்ப வெளிச்சத்துக்கு வந்தால் ஓரளவு தெளியும். கனமான படம், இரண்டு கொக்கியில் மாட்டுங்கள். கீழ் மூலைகளில் பின்பக்கம் சின்ன ரப்பர் குமிழ் ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று போகும். தூசியை மிருதுவான, காய்ந்த பிரஷால் மேலிருந்து கீழே தட்டிவிட்டால் போதும். ஈரத் துணி கூடாது. உருளைக்கிழங்கை வெட்டித் தேய்த்தால் பளிச்சென்று ஆகும், ரொட்டியால் துடைக்கலாம் என்றெல்லாம் எங்கேயாவது படித்திருப்பீர்கள். தடித்த பெயின்டின் பள்ளங்களில் அந்த மாவும் துணுக்கும் போய் உட்கார்ந்துகொள்ளும், பிறகு பூச்சி வரும். அப்படி வந்த படங்களில் நான் ஊசிமுனையால் அவற்றைத் தோண்டி எடுத்த நேரத்தைக் கணக்கெடுத்தால் சில மாதம் தேறும். அசல் ஆயிலா, அக்ரிலிக்கா என்று பார்க்க நகப்பூச்சு அழிக்கும் திரவத்தைப் பஞ்சில் தொட்டுத் தேய்க்கச் சொல்பவர்களும் உண்டு. காயாத பெயின்ட் அப்படியே பஞ்சோடு வந்துவிடும்.

விளக்கு வைப்பதானால் நேர் எதிரே வைக்காதீர்கள். கூரையிலிருந்து சுமார் 30 டிகிரி சாய்வில் விழுந்தால் அந்த மேகத்தின் வரப்புகளுக்குச் சின்ன நிழல் கிடைக்கும். கணவர் அப்போது இன்னொரு முறை பார்க்கட்டும்.

பெட்டி வந்து சேரும் நாளில் ஒரே ஒரு விஷயம். ஓவியத்தின் முகம் எந்தப் பக்கம் என்று பெட்டியின் வெளியே பெரிதாக எழுதச் சொல்லி முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். ஆசையாகக் கத்தியை எடுத்து முன்பக்கம் கிழித்தவர்கள் என்னிடம் மூன்று பேர் வந்திருக்கிறார்கள்.